தாத்தாவின் 29 டைரிகளும் ரங்கப்பிள்ளை வீதிச் சந்தில் ஒரு பைண்டிங் கடையும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். காலடியில் தகரப்பெட்டி, அதற்குள் பழைய வேட்டியில் சுற்றிய 29 டைரிகள். வழி நெடுக ஒரு கையைப் பெட்டியின் மேலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "நகையா?" என்று மெதுவாகக் கேட்டார். "எங்க தாத்தா எழுதினது" என்றேன். அவர் தன் காலை நகர்த்திப் பெட்டிக்கு இடம் விட்டார்.

நான் மேல்நிலைப் பள்ளியில் 31 வருஷம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். வீட்டில் பழைய டைரி, கடிதம், கணக்கு நோட்டு வைத்திருந்து, அதை யாரிடம் நம்பிக் கொடுப்பது என்று தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். நானும் பன்னிரண்டு வருஷம் அப்படித் தயங்கியவள்தான்.

முதலில் கடையின் பெயர். எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். அப்பா, மகன் என இரண்டே பேர். கூட்டம் வந்தால் கை வேகமாகிவிடும், வேகமானால் தாள் கிழியும் என்றார் பெரியவர். அதனால் இடத்தை மட்டும் சொல்கிறேன். ரங்கப்பிள்ளை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்து. பெரிய மார்க்கெட்டின் மீன் வாசனை அடிக்கும் தூரம். திண்ணை வைத்த பழைய வீடு, முன்னறைதான் கடை. வாசலில் காலிகோ துணிச் சுருள்கள் நிற்கும். அந்தப் பக்கம் போய் "கையால் தைக்கிற பைண்டர்" என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

என் அம்மாவின் அப்பா முத்தியால்பேட்டைக்காரர். 1905இல் பிறந்தவர். ஒரு ஜவுளி மண்டியில் கணக்குப்பிள்ளை. 1931இல் டைரி எழுத ஆரம்பித்து 1969 வரை எழுதினார். 39 வருஷத்தில் 29தான் கையில் இருக்கிறது. மீதிப் பத்தும் வீடு மாறும்போது போனதா, யாராவது கேட்டு வாங்கிப் போனார்களா என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. இது தவிர, 1968இல் பேரப்பிள்ளைகளுக்காகத் தன் வாழ்க்கையை ஒரு நீள நோட்டில் 64 பக்கம் எழுதி வைத்தார். ஆக, ஒரே மனிதர் இரண்டு விதமாக எழுதியது என்னிடம் இருக்கிறது. அன்றன்றைக்கு எழுதியது ஒன்று. அறுபது வயதுக்கு மேல் திரும்பிப் பார்த்து எழுதியது இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அது எனக்கே உறைத்தது இந்தக் கடையில்தான்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன. பரணில் இருந்த டைரிகளில் ஏழு நனைந்தன. அதில் 1938, 1951 இரண்டும் கருப்பட்டிக் கட்டி மாதிரி ஒட்டிக்கொண்டன. பயந்துபோய், 2013இல் எங்கள் ஊரிலேயே ஒரு நகல் கடையில் கொடுத்தேன். பிரதி எடுத்தால் போதும், தப்பிவிடும் என்று நினைத்தேன். அவர்கள் 1942ஆம் வருஷ டைரியின் முதுகைக் கட்டிங் மிஷினில் வெட்டி, தாள்களைத் தனித்தனியாக மிஷினுக்குள் விட்டார்கள். தாள் சிக்கிக்கொண்டது. வரிசை கலைந்தது. உள்ளே தாத்தா செருகி வைத்திருந்த ரசீதுகளும் பஸ் சீட்டுகளும் ஒரு கவரில் மொத்தமாகத் திரும்பி வந்தன. எந்தச் சீட்டு எந்தத் தேதிப் பக்கத்தில் இருந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. எட்டு டைரி முடிந்த நிலையில் மீதியைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். கையில் இருந்தது எட்டு டைரிக்கான கறுப்பு வெள்ளை நகல் மட்டும். அந்த நகல்கள் என்ன தப்புப் பண்ணின என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, கடைக்கு வருவோம்.

உள்ளே பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். ஒரு பக்கம் பெரியவரின் தையல் சட்டமும் இரும்புப் பிரஸ்ஸும். மறுபக்கம் மகனின் மேசை. மேசை மேல் ஒரு கம்பத்தில் கீழ்நோக்கிக் கட்டிய கேமரா, இரண்டு பக்கமும் சாய்வாக இரண்டு விளக்கு. கீழே மரத்தில் தாங்களே செய்த ஒரு தாங்கி, பாதி திறந்த புத்தகம் மாதிரி இருக்கும். டைரியை அதில் வைத்தால் முதுகை அமுக்கிப் பிளக்க வேண்டியதில்லை, தானாக எவ்வளவு திறக்குமோ அவ்வளவு திறந்தால் போதும். கண்ணாடி மேல் கவிழ்த்து மூடியை அழுத்தும் ஸ்கேனரும் ஓரத்தில் இருக்கிறது. அது தனித் தாளுக்கு மட்டும்தானாம்.

முதல் நாள் அவர்கள் ஒரு பக்கம்கூடப் படம் எடுக்கவில்லை. பெரியவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு 29 டைரியையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். மகன் ஒரு நீளமான பதிவேட்டில் எழுதினான்: எந்த வருஷம், எத்தனை தாள், எந்தெந்தத் தாள்களுக்கு நடுவில் செருகல், எங்கே குண்டூசி, எங்கே இராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது. மூன்று மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அந்தப் பட்டியலில் நானும் கையெழுத்துப் போட்டேன், அவர்களும் போட்டார்கள். ஒரு பிரதி எனக்கு. இத்தனை வருஷத்தில் ஒரு சொந்தக்காரர்கூட அந்த டைரிகளை அவ்வளவு கவனமாகத் தொட்டுப் பார்த்ததில்லை.

"டேப் ஒட்டிருக்கீங்களேம்மா" என்றார் பெரியவர். 1947ஆம் வருஷ டைரியில் நான்தான் ஒட்டினேன், செலோ டேப். அது பழுப்பேறி, எழுத்தையும் சேர்த்துத் தின்றிருந்தது. லேமினேஷன் பண்ணலாமா என்று கேட்டேன். "உசுரோட புதைக்கிற மாதிரி. வேணாம்மா" என்றார். கிழிசலுக்கு அவர் வைப்பது வெற்றிலை நரம்பு தெரிகிற மாதிரி மெல்லிய ஜப்பான் தாள். பசை அவரே காய்ச்சுவது. சாதாரண பைண்டிங்குக்கு மைதாவில் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பார். இதற்குக் கலக்கவில்லை, பழைய மையோடு சேர்ந்தால் என்ன பண்ணும் என்று சொல்ல முடியாது என்றார். எப்போது வேண்டுமானாலும் ஈரம் காட்டிப் பிரிக்கிற மாதிரி ஒட்டுவதுதான் சரியான ஒட்டு என்பது அவர் கட்சி.

ஒட்டிப்போன இரண்டு டைரிகளைப் பிரித்த விதத்தைச் சொல்ல வேண்டும். கத்தி வைக்கவில்லை. ஒரு மூடிய பிளாஸ்டிக் பெட்டியில், அடியில் நனைந்த துணி, அதன் மேல் கம்பி வலை, அதன் மேல் டைரி. தாளில் தண்ணீர் படாது, ஈரக்காற்று மட்டும் ஏறும். ஒரு நாளைக்கு நாலைந்து தாள் தளர்ந்து வரும். அதை எலும்புச் சீவலால் மெல்லத் தூக்கி, உறிஞ்சு தாளுக்கு நடுவில் வைத்து உலர்த்துவார். 1951 முழுதாகப் பிரிந்தது. 1938இல் 22 தாள் பிரியவே இல்லை. இதற்கு மேல் இழுத்தால் இரண்டு பக்கமும் போய்விடும் என்று நிறுத்திவிட்டார். அந்த நிறுத்தல்தான் அவர் மேல் எனக்கு மரியாதையைக் கூட்டியது. பின்னால் வேறு யாராவது நல்ல வழி கண்டுபிடிப்பார்கள், அதுவரை இப்படியே இருக்கட்டும் என்று அந்தப் பகுதியைத் தனியே ஒரு தாள் உறையில் கட்டிக் கொடுத்தார்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பும் விஷயம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு 1936 ஜூலை 30 எந்த நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. போராடிய சவானா மில் (பஞ்சாலை) தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு அரசின் போலீஸ் சுட்டு 12 பேர் இறந்த நாள். ஒரு வருஷத்துக்குள், 1937இல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. தாத்தா 1968இல் எழுதிய வாழ்க்கை நோட்டில் இந்த நாளுக்கு மூன்று பக்கம். "நான் மில் கேட்டுக்கு எதிரில் நின்றிருந்தேன், என் கண்ணால் பார்த்தேன்" என்று இருக்கும். சிறுவயதில் அதை அவர் வாயாலும் கேட்டிருக்கிறேன். வகுப்பில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம், "என் தாத்தா நேரில் பார்த்தவர்" என்று சொல்லுவேன். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பள்ளி ஆண்டு மலரிலும் எழுதினேன். எழுதுமுன் ஆதாரம் சரிபார்த்தேன்: 2013இல் எடுத்த கறுப்பு வெள்ளை நகலில் 1936 டைரி இருந்தது. ஜூலை 30 வியாழக்கிழமைப் பக்கத்தில், கீழே, "நானும் போனேன். பார்த்தேன்" என்று தெளிவாக இருந்தது. டைரியும் நினைவும் ஒன்றுபோல் சொல்கின்றன, அப்புறம் என்ன சந்தேகம்?

கடைக்கார மகன் 1936 டைரியை வண்ணத்தில் படம் எடுத்து முடித்த அன்று போன் பண்ணினான். "டீச்சர், ஜூலைல ஒரு பக்கம். நீங்க நேர்ல வந்து பாருங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

போனேன். திரையில் அந்தப் பக்கம். மேலே பிள்ளையார் சுழி, தேதி, தாது வருஷம் ஆடி மாதம் என்று எல்லாம் பழுப்பாகிப்போன ஊதா மையில் இருந்தது. தொட்டு எழுதும் பேனாவின் தடிப்பும் மெலிவும் தெரிந்தது. "ஜுரம் விடவில்லை. மண்டிக்குப் போகவில்லை" என்று ஆரம்பிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து மில்லில் சுட்டுவிட்டார்கள் என்று சொன்னது. நாலைந்து பேர் என்கிறார்கள், இருபது என்கிறார்கள், எது நிஜமோ என்று ஒரு வரி. கஞ்சி குடித்தது. அதற்குக் கீழே, "நானும் போனேன். பார்த்தேன்." அந்த வரி மட்டும் நீலம். ஒரே தடிமன்.

பெரியவர் டைரியை எடுத்து அந்தத் தாளைத் திருப்பி, என் விரலைப் பிடித்துப் பின்பக்கத்தில் வைத்தார். "தடவிப் பாருங்கம்மா." அந்த ஒரு வரி இருக்கும் இடத்தில் மட்டும் தாள் புடைத்திருந்தது. மற்ற வரிகளுக்குப் பின்னால் வழவழவென்று இருந்தது. "மைப்பேனா தாளை வருடிக்கிட்டுப் போகும். பால்பென் உழுதுகிட்டுப் போகும்" என்றார். பால்பென் விற்பனைக்கு வந்ததே 1940களில்தான். ஆக, அந்த வரி 1936இல் எழுதியது இல்லை. எப்போதோ, அநேகமாக 1968இல் வாழ்க்கை நோட்டை எழுத உட்கார்ந்தபோது, பழைய டைரியைப் புரட்டிச் சேர்த்திருக்கிறார்.

இன்னும் ஒன்று. அந்தப் பக்கத்துக்கும் முந்தின பக்கத்துக்கும் நடுவில் குண்டூசியில் ஒரு சின்னத் தாள் குத்தியிருந்தது. வைத்தியர் கொடுத்த மருந்துச் சீட்டு, தேதி ஜூலை 29. பெரியவர் துருப்பிடித்த ஊசியை உடைத்து எடுத்துவிட்டு, சீட்டை இருந்த இடத்திலேயே வைத்து ஒரு படம், தூக்கிவிட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். 2013 நகலில் அந்தச் சீட்டே இல்லை. அதைத் தள்ளிவிட்டு நகல் எடுத்திருக்கிறார்கள். நிறமும் போய், சீட்டும் போய், கையில் இருந்தது ஒரே மனிதர் ஒரே நேரத்தில் எழுதியதுபோல் தோன்றிய ஒரு பக்கம். அதை நம்பித்தான் நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

அன்று திரும்பும் பஸ்ஸில் மனது கனத்திருந்தது. தாத்தா பொய் சொன்னாரா? இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு இருந்தேன். பிறகு அடுத்த பக்கங்களைப் படித்தேன். ஆகஸ்டு 1 சனிக்கிழமை: "ஜுரம் இல்லை. மாலை மில் வீதி வரை போனேன். மேலே விடவில்லை. திரும்பிவிட்டேன். ஒற்றைச் செருப்புகள் கிடந்தன." இது ஊதா மைதான். அவர் போனார், பார்த்தார். இரண்டு நாள் கழித்து, தூரத்திலிருந்து, செருப்புகளைப் பார்த்தார். முப்பது வருஷம் கழித்து அந்தச் செருப்புகள் அவரை கேட்டுக்கு எதிரில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன. 1968 நோட்டின் மூன்று பக்கத்தில் ஒற்றைச் செருப்பு எங்குமே இல்லை. எனக்கு இப்போது அந்தச் செருப்பு வரிதான் பெரிது. அவர் கண்ணால் கண்டது அதுதான்.

டைரி என்றால் உண்மை, நினைவுக்குறிப்பு என்றால் கற்பனை என்று நான் சொல்ல வரவில்லை. டைரியிலும் "நாலைந்து, இருபது" என்று வதந்திதானே இருக்கிறது? ஆனால் அன்று இரவு முத்தியால்பேட்டையில் ஒரு சாதாரணக் கணக்குப்பிள்ளைக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியவில்லை என்பதை அந்த வதந்தி சொல்கிறது. 12 என்ற எண்ணைப் பாடப்புத்தகம் சொல்லும். எண் தெரியாமல் ஒரு தெரு விழித்திருந்த இரவை அது சொல்லாது. 1968 நோட்டும் சாட்சிதான், வேறொன்றுக்கு: அந்தப் போராட்டத்தில் தனக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும் என்று ஒருவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பதற்கு. அரசியலைப் படிக்கிறவர்களுக்கு அந்த ஆசையும் வேண்டும். உ.வே.சா. தம் வாழ்க்கையை எழுத ஆரம்பித்தபோது அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய பேச்சுகளை அதில் பேச்சாகவே எழுதுகிறார். அதைப் படிக்கும்போது நாம் கேட்கிறது ஒரு பெரியவரின் மனசில் பல வருஷம் ஊறிய குரல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் போதும், அதன் அருமை ஒரு துளியும் குறையாது.

இந்தக் கடை ரங்கப்பிள்ளை வீதியில் இருப்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அந்த வீதியில்தான் இருக்கிறது. 1736 செப்டம்பர் 6 அன்று டைரி எழுத ஆரம்பித்தவர், 1761 ஜனவரியில் சாகும் வரை எழுதினார். ஜனவரி 12இல் அவர் போனார், 16இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுவின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், தரகர். கப்பல் வந்தது, துணி விலை, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், யாருக்கு என்ன சோசியம், எல்லாம் எழுதினார். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களை வகுப்பில் வாசித்திருக்கிறேன். அதை இடித்த ஆட்சிக்கே துபாஷி வேலை பார்த்தவர், அதைப் பற்றி மனம் வெந்து எழுதுகிறார். அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறார் என்று தெரிந்துகொண்டு படித்தால்தான் அந்தப் பக்கங்கள் திறக்கும். அவர் தன்னைப் புகழ்ந்துகொள்ளும் இடங்கள் உண்டு, தனக்கு ஆகாதவர்களைத் திட்டும் இடங்கள் உண்டு. அவற்றைத் தள்ளிவிட்டால் மனிதரே இல்லை.

அந்தக் கையெழுத்து நோட்டுகள் 1846 வரை கவனிப்பாரில்லாமல் கிடந்தன. கல்வா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்துப் பிரதி எடுக்க வைத்தார். அரியேல் என்பவர் எடுப்பித்த பிரதி பாரீசுக்குப் போனது. 1904 முதல் 1928 வரை சென்னை அரசு ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாகப் போட்டது. ஆனந்தரங்கப் பிள்ளைக்குப் பிறகு இரண்டாம் வீராநாயக்கர் என்ற நயினார், அதாவது அந்தக் காலத்துப் போலீஸ் தலைவர், 1778 முதல் 1792 வரை எழுதினார். வியாபாரி பார்த்த ஊர் ஒன்று, காவல்காரர் பார்த்த ஊர் ஒன்று. இரண்டு பேரும் நாம் படிப்போம் என்று நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். யாரோ ஒருவர் கவனமாகப் பிரதி எடுத்ததால் நம் கைக்கு வந்தார்கள். பெரியவரிடம் இதைச் சொன்னபோது தைத்துக்கொண்டே, "பிரதி எடுக்கறவன் கை சுத்தமா இருக்கணும்மா" என்று மட்டும் சொன்னார்.

பெரிய மனிதர்களின் டைரிக்கு என்றைக்காவது ஒரு அதிகாரி வருவார். மண்டிக் கணக்குப்பிள்ளை டைரிக்கு வீட்டார்தான் வர வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன். 1949இல் பிரெஞ்சிந்தியாவுக்கும் இந்தியாவுக்கும் இருந்த சுங்க ஒப்பந்தம் முடிந்தது. அதற்கப்புறம் கடலூருக்குப் போவதே வேறு நாட்டுக்குப் போவதுபோல் ஆனது. இது புத்தகத்தில் ஒரு வரி. 1951இல் என் அம்மாவுக்குக் கடலூரில் கல்யாணம். ஒட்டிப்போய்ப் பிரிந்த அந்த டைரியில், எல்லைச் சாவடியில் காட்டுவதற்காகத் தாத்தா எழுதிய சீர்ப்பட்டியல் முழுதாக இருக்கிறது: கூறைப்புடவை 1, பட்டு 2, வெள்ளிக் கிண்ணம் 3, பித்தளைக் குத்துவிளக்கு 2, தோடு, மூக்குத்தி. கூறைப்புடவை புதுசு என்பதால் வரி கேட்பார்களோ என்று பயந்து, அம்மாவை அதைக் கட்டிக்கொண்டே வண்டியில் உட்காரச் சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னாலேயே கூறை கட்டிவிட்டாளே என்று பாட்டி அழுதாள் என்றும் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு இப்போது 91 வயது. படித்துக் காட்டினேன். "ஆமாம், வழியெல்லாம் கசங்காம இருக்க நின்னுகிட்டே வந்தேன்" என்றார். வண்டியில் எப்படி நின்றுகொண்டே வர முடியும் என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. கேட்கவில்லை. அவர் சொன்னதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

1954 அக்டோபர் 18 கீழூர் வாக்கெடுப்பை, 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்ததை, தாத்தா ஒரே வரியில் முடித்துவிட்டார். நவம்பர் 1 திங்கட்கிழமைக்கு, கொடி மாறிய நாளுக்கு, நிறைய எழுதியிருப்பார் என்று ஆசையாகத் திருப்பினேன். மண்டிக்கு விடுமுறை, பாதிச் சம்பளம் பிடிப்பார்களா தெரியவில்லை என்று இருந்தது.

கடையின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 45 நாள் என்றார்கள், நாலு மாதம் ஆனது. முதல் மூன்று டைரியில் பக்கத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. தாத்தா ஓரத்தில்தான் கடன் கணக்கு எழுதுவார், அதுவும் தமிழ் எண்களில். காட்டியதும் மறுபேச்சில்லாமல், காசு வாங்காமல் திரும்ப எடுத்தான் மகன். ஆனாலும் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். கோப்புகளுக்கு வெறும் வரிசை எண்தான் பெயராக வைக்கிறார்கள். 3,140 படத்துக்கும் வருஷம், மாதம் போட்டுப் பெயர் மாற்ற எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. கேட்டால் அவர்களே செய்து தர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மதியம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அது சிரமம். சந்தில் வண்டி நிறுத்த இடம் கிடையாது. கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்து தர மாட்டார்கள். அது நம் வேலைதான், நாம்தான் அந்தக் கையெழுத்தோடு பழக வேண்டும்.

செலவு: இரண்டு பக்கம் சேர்ந்த ஒரு படத்துக்கு 7 ரூபாய், ஆக 21,980. பதினொரு டைரிக்குக் கைத்தையல் பைண்டிங், ஒன்று 400 வீதம் 4,400. ஒட்டிய இரண்டைப் பிரித்ததற்கு 3,000. மொத்தம் 29,380 ரூபாய். ஓய்வூதியக்காரிக்கு இது லேசான தொகை இல்லை. மூன்று தவணையாக வாங்கிக்கொண்டார்கள். படங்கள் 400 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 400 புள்ளி) துல்லியத்தில், வண்ணத்தில், டிஃப் கோப்பாகவும் பி.டி.எஃப். ஆகவும் கிடைத்தன. 300 போதாதா என்று முதலில் கேட்டேன். இரண்டிலும் ஒரே பக்கத்தை எடுத்துக் காட்டினான். தாத்தா பாதி இடத்தில் புள்ளி வைக்க மாட்டார். வைத்த புள்ளி எது, பூச்சி போட்ட புள்ளி எது என்று 400இல் பெரிதாக்கினால்தான் தெரிந்தது.

இன்னொன்று, எனக்கு முக்கியமாகப் பட்டது. டைரியில் தாத்தா மட்டும் இல்லை. யார் கடன் வாங்கித் திருப்பவில்லை, எந்த வீட்டில் என்ன சண்டை என்றெல்லாம் இருக்கிறது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே தெருவில் இருக்கிறார்கள். கடையில் படங்களை ஒரு மாதம் வைத்திருந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்த பிறகு, என் கண்முன்னால் அழித்தார்கள். நானும் அந்தப் பக்கங்களை இப்போதைக்கு யாருக்கும் காட்டப் போவதில்லை.

கல்யாண ஆல்பம், கல்லூரி ஆய்வேடு, அவசர வேலை இதற்கெல்லாம் இங்கே போகாதீர்கள், வேறு கடைகள் இருக்கின்றன. போகிறவர்கள், போவதற்கு முன் வீட்டில் எதையும் "சுத்தம்" செய்யாதீர்கள். செருகல்களை எடுக்காதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். பெட்டியை அப்படியே தூக்கிப் போங்கள்.

ஆண்டு மலரில் நான் எழுதியதைத் திருத்தி, பள்ளிக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். அடுத்த மலரில் போடுவதாகச் சொன்னார்கள். அதோடு செருப்பு வரி இருக்கும் பக்கத்தின் படத்தையும் சேர்த்துக் கொடுத்தேன்.

தை பிறந்ததும் அம்மாவின் பால் கணக்கு நோட்டுகளை எடுத்துக்கொண்டு போகிறேன். 1953இலிருந்து இருக்கிறது, பால் விலைக்கு நடுவில் எங்கள் நாலு பேரின் பிறந்த நேரமும் எழுதியிருக்கிறார். போனில் சொன்னதும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "குண்டூசி குத்திருக்காம்மா? இருந்தா எடுத்துறாதீங்க, நான் எடுத்துக்கறேன்."